வேரோடு பிடுங்கும் பயிர்

ஆளி விதையைப் பொடித்துத் தயிரில் கலந்து சாப்பிடுகிறவர்கள் இன்று நிறையப் பேர். லினன் சட்டையை விரும்பி உடுத்துகிறவர்களும் அப்படியே. இரண்டையும் தருவது ஆளி என்ற ஒரே செடியினம்தான். நாம் தின்பது அதன் விதை. உடுத்துவது தண்டுப் பட்டையின் நார். அதே செடி மண்ணில் படிந்த உலோகத்தையும் இழுத்தெடுக்கும்.

பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகருக்கு அருகே ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அதனால் சுற்றுப்புற வயல்களில் ஈயம், காட்மியம், துத்தநாகம் எல்லாம் படிந்துவிட்டன. குப்பை மக்கும், எண்ணெய்க் கசிவைக்கூட நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். உலோகம் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அந்த வயல்களில் ஆளி, பருத்தி, கஞ்சா இனத்து நார்ச்செடியான ஹெம்ப் மூன்றையும் பயிரிட்டு ஆராய்ந்தார்கள். மண்ணிலிருந்து உலோகத்தை அதிகம் இழுத்தது ஆளி. அடுத்தது ஹெம்ப், அதற்கும் பிறகுதான் பருத்தி.

செடிக்குத் துத்தநாகம் கொஞ்சம் வேண்டும். காட்மியம் குணத்தில் அதற்கு நெருங்கிய உறவு என்பதால், துத்தநாகத்துக்காக வேர் திறந்துவைத்த வழியிலேயே உள்ளே புகுந்துவிடுகிறது. புகுந்ததைச் செடி தன் செல்சுவர்களிலும் செல்லுக்குள் இருக்கும் நுண்பைகளிலும் அடைத்துவைக்கிறது.

நாருக்காக வளர்க்கும் ஆளியைப் பொதுவாக அரிவாளால் அறுப்பதில்லை. நார் தண்டின் அடி முதல் நுனி வரை ஓடுவதால், அறுத்தால் நீளம் குறையும்; எனவே காலங்காலமாக வேரோடுதான் பிடுங்குகிறார்கள். நீள நாருக்காக வந்த வழக்கம் இது. மாசடைந்த வயலில் அதுவே இன்னொரு வேலையும் செய்கிறது: வேரில் சேர்ந்த உலோகமும் செடியோடு வெளியே வந்துவிடுகிறது. இந்தப் பயிரில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிடுங்கியதை வயலிலேயே பரப்பிப் பனியில் கிடத்துவார்கள். பட்டையை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைப் பூஞ்சைகள் தின்றுவிடும். அதன்பின் காய்ந்த தண்டை ஒடித்தால் உள்கட்டை படக்கென்று முறியும். துண்டுகளோ விழாமல் நாரில் தொங்கும். கட்டையைத் தட்டி உதிர்த்து, நாரைச் சீவி, நூலாக நூற்கிறார்கள். கவனம் வேண்டிய இடமும் இதுவே. வயலில் பரப்பிக் கிடக்கும்போது மழை பெய்தால் தண்டில் இருக்கும் உலோகம் கரைந்து மறுபடி மண்ணுக்கே போகலாம். தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தாலோ, அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விடக்கூடாது. நாரையும் சோதிக்காமல் நெசவுக்கு அனுப்பக்கூடாது.

ஓரிரு வெள்ளாமையில் நிலம் சுத்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஒரு பயிர் எடுத்துச்செல்வது மண்ணில் இருப்பதில் சிறு பங்குதான். பல பத்தாண்டுகள் ஆகலாம். அத்தனை காலம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு எந்த விவசாயியால் காத்திருக்க முடியும்? கோதுமையோ காய்கறியோ போடமுடியாத மண்ணில், நார் விற்ற காசு அவரை ஊரைவிட்டுப் போகாமல் வைத்திருக்கும். அதனால்தான் துணிப்பயிர் இங்கே முக்கியமாகிறது.

அந்த வயலின் விதையை மட்டும் தொடக்கூடாது. ஆளி விதை காட்மியத்தைச் சேர்த்துவைக்கக்கூடியது. தயிரில் கலக்க அது ஆகாது, மாட்டுக்குப் பிண்ணாக்காகவும் ஆகாது.