எண்ணிக்கையில் முடிந்த பந்தயம்

2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், வெள்ளிக்கிழமை. கோவிட்-19 என்னும் கொடுநோய் ஐரோப்பாவில் காட்டுத்தீயெனப் பரவிவந்த வேளை. அன்று இங்கிலாந்தில் ஆண்கள், பெண்கள் என்ற வேறுபாடின்றித் தொழில்முறைக் கால்பந்தாட்டங்கள் அனைத்தும் நிறுத்திவைக்கப்பட்டன. நிறுத்தியதில் பிழை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்று, ஸர்கு என்னும் இடம் வரை சென்றுவிட்ட பிறகும் தம் தோழர்களுடன் மதீனாவுக்குத் திரும்பிவிட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றைப் படித்த நாம், நோய்க்காலத்தில் கூட்டத்தைத் தவிர்ப்பதன் அருமையை அறிந்தவர்களே.

நிறுத்தப்பட்ட நாளில் இருபாலாரும் ஒரே நிலையில்தான் இருந்தனர். மீண்டும் தொடங்கும் நேரம் வந்தபோதுதான் யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பது தெரிந்தது.

முஸ்லிம் குடும்பங்கள் படிக்கும் இதழில் பெண்கள் கால்பந்துக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். உடை பற்றியும், பார்வையாளர் பற்றியும் மார்க்கம் விதித்துள்ள வரம்புகள் தெளிவானவை. அவற்றை விவாதிக்க நான் இங்கே வரவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. ஓடுவதும் உடலை உறுதியாக வைத்துக்கொள்வதும் பெண்ணுக்கு அந்நியமானவை அல்ல என்பது வரை நமக்குள் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. தலையை மறைத்துக்கொண்டு ஆடுவதற்கு உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2014இல் முறைப்படி அனுமதி வழங்கியது. 2023ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் மொராக்கோ நாட்டின் நுஹைலா பென்ஸீனா ஹிஜாபுடன் களம் இறங்கினார். அது தனிக் கட்டுரைக்கு உரிய செய்தி. நாம் இங்கே பார்க்கப்போவது ஒரு நெருக்கடி வந்த நேரத்தில் பங்கீடு எப்படி நடந்தது என்பதை மட்டுமே.

இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீக் 2011இல் தொடங்கப்பட்டது. பகலில் அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ பணிபுரிந்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்த பெண்களே தொடக்க காலத்தில் பல அணிகளில் ஆடினார்கள். 2018இல்தான் இப்போட்டி முழுநேரத் தொழில்முறைப் போட்டியாக மாறியது. 2019-20 பருவத்தில் 12 அணிகள்; ஒவ்வோர் அணிக்கும் 22 ஆட்டங்கள். பார்க்லேஸ் வங்கி அந்தப் பருவத்தில்தான் ஆதரவாளராக வந்து சேர்ந்தது. 2019 நவம்பர் 17 அன்று வட இலண்டனில் டாட்டனம், ஆர்சனல் அணிகள் மோதிய ஆட்டத்தைக் காண 38,262 பேர் வந்தனர். அதுவரை இந்த லீகில் எந்த ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. பயிர் தலையெடுக்கும் நேரம் பார்த்து நோய் வந்தது.

ஜூன் மாதத்துக் கணக்கு

2020 மே 25 அன்று, பெண்கள் சூப்பர் லீகின் அந்தப் பருவம் அத்துடன் முடிந்தது என அறிவிக்கப்பட்டது. ஆண்களின் பிரிமியர் லீகோ ஜூன் 17 அன்று மீண்டும் தொடங்கியது. அதில் மீதமிருந்த 92 ஆட்டங்களும், காலி இருக்கைகளுக்கு முன்னால், ஒன்று விடாமல் ஆடி முடிக்கப்பட்டன.

காரணம் என்ன? ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் அடிக்கடி நோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும், மைதானத்தையும் பயிற்சிக் கூடத்தையும் வெளியார் தொடர்பின்றிப் பாதுகாக்க வேண்டும், மருத்துவர்கள் வேண்டும். இவை அனைத்துக்கும் செலவு உண்டு. ஆண்கள் பக்கம் அந்தச் செலவைத் தாங்குவதற்குத் தொலைக்காட்சிப் பணம் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், ஆட்டம் நடக்காவிட்டால் அந்தப் பணத்தில் பெருந்தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெண்கள் லீகுக்கு அப்படிப்பட்ட வருவாயும் இல்லை, அப்படிப்பட்ட அச்சமும் இல்லை. பெண்கள் அணிகளில் பெரும்பாலானவை ஆண்கள் கிளப்புகளின் வருமானத்தை நம்பியே நடந்தன. பெரிய மரத்துக்கே தண்ணீர் போதாத கோடையில், அதன் நிழலில் முளைத்த கன்றுக்கு யார் ஊற்றுவார்?

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆண்கள் கால்பந்திலும் மூன்றாம், நான்காம் நிலை லீகுகளின் வழக்கமான ஆட்டங்கள் பாதியில் கைவிடப்பட்டன. எனவே பெண்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கினார்கள் என்று சொல்வது முழு உண்மையாகாது. ஆனால் நாட்டின் முதல்நிலைப் பெண்கள் அணிகள், ஆண்களின் மூன்றாம் நிலை அணிகளோடு ஒரே தட்டில் வைக்கப்பட்டன. அதற்குப் பணம் இல்லை என்பது காரணமென்றால், பணம் ஏன் இல்லை என்ற கேள்வி அடுத்து நிற்கிறது. அதற்கு விடை காண நூறு ஆண்டுகள் பின்னால் செல்ல வேண்டும். அதற்கு முன் கணக்கை முடித்துவிடுவோம்.

ஆட்டம் நின்ற நாளில் மான்செஸ்டர் சிட்டி அணி 16 ஆட்டங்களில் 40 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தது. செல்சி அணி 15 ஆட்டங்களில் 39 புள்ளிகள் பெற்று இரண்டாம் இடத்தில் இருந்தது. யார் வெற்றியாளர்? இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், மொத்தப் புள்ளியை ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தது. சிட்டிக்கு 2.5; செல்சிக்கு 2.6. ஜூன் 5 அன்று செல்சி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. செல்சி அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்களில் வென்று, மூன்றைச் சமன் செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் இருந்தது என்பதால் இத்தீர்ப்பை எதிர்த்து யாரும் பெரிதாகக் கூச்சலிடவில்லை.

எங்கள் மத்ரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்தும்போது ‘அவ்ல்’ என்னும் பகுதி வரும். வாரிசுகளின் பங்குகளைக் கூட்டினால் சொத்தின் அளவை மிஞ்சிவிடும் நேரத்தில், எல்லாருடைய பங்கையும் ஒரே விகிதத்தில் குறைத்துக் கொடுக்கும் முறை அது. ஒருவருக்கு முழுதாகக் கொடுத்து மற்றொருவரை வெறுங்கையுடன் அனுப்பாமல், குறைவை எல்லாரும் சுமப்பதே அதன் உயிர்நாடி. செல்சி, சிட்டி ஆகிய இரண்டின் கணக்கைப் பார்த்தபோது இந்தப் பாடம்தான் நினைவுக்கு வந்தது. விகிதம் நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் அதே கணக்கைப் பட்டியலின் அடியில் போட்டுப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

லிவர்பூலின் இரண்டு வீடுகள்

பட்டியலின் கடைசியில் லிவர்பூல் பெண்கள் அணி. 14 ஆட்டங்களில் 6 புள்ளிகள். அதற்கு ஒரு படி மேலே பர்மிங்ஹம், 13 ஆட்டங்களில் 7 புள்ளிகள். ஒரே ஒரு புள்ளி வேறுபாடு. லிவர்பூலுக்கு இன்னும் எட்டு ஆட்டங்கள் மீதமிருந்தன. அவை ஆடப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அந்தப் பருவத்தில் அவர்கள் வென்றது ஓர் ஆட்டம் மட்டுமே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு களத்தில் தோற்றுப் போகவில்லை; காகிதத்தில்தான் தோற்றது. 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இதே லீகை வென்ற அணி, கீழ்நிலைப் பிரிவுக்கு இறக்கப்பட்டது.

அதே மாதம் 25ஆம் நாள், அதே கிளப்பின் ஆண்கள் அணி முப்பது ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் முதல்நிலைப் பட்டத்தை உறுதி செய்தது. லிவர்பூல் நகரத்து வீதிகளில், நோய்க்காலக் கட்டுப்பாடுகளையும் மறந்து மக்கள் கொண்டாடினர். ஒரே சின்னம், ஒரே சிவப்புச் சட்டை. ஒரு வீட்டில் மகனுக்கு விருந்து நடக்கும்போது மகளின் பெட்டி படுக்கையை வெளித்திண்ணையில் வைத்தது போன்ற காட்சி அது.

அந்தப் பெண்கள் இரண்டு பருவங்கள் கீழ்ப்பிரிவில் ஆடினார்கள். 2021-22இல் அப்பிரிவை வென்று மேலே வந்தார்கள். 2022 செப்டம்பரில் சூப்பர் லீகுக்குத் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே செல்சியை 2-1 எனத் தோற்கடித்தார்கள்.

பரிசுப் பணம் போன இடம்

செல்சி பெற்ற பரிசுத் தொகை 1,00,000 பவுண்டு. ஆண்கள் லீகில் புழங்கும் தொகைகளோடு ஒப்பிட்டால் இது தூசு. பெண்கள் அணிக்கு அது சிறு தொகையன்று. அந்தத் தொகை முழுவதையும் ‘ரெஃப்யூஜ்’ என்னும் அறநிறுவனத்துக்கு அவர்கள் கொடுத்துவிட்டார்கள். 1971இல் மேற்கு இலண்டனின் சிஸ்விக் பகுதியில், கணவனின் அடிக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புகலிடமாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

ஏன் அந்த நிறுவனம்? ஊரடங்கு நோயைத் தடுத்தது. ஆனால் கொடுமைக்காரக் கணவனோடு ஒரே கூரையின்கீழ் பெண்ணைப் பூட்டியும் வைத்தது. ரெஃப்யூஜ் நடத்தும் உதவித் தொலைபேசிக்கு அந்த மாதங்களில் அழைப்புகள் பெருகின. நம் சமுதாயத்திலும் அந்த மாதங்களில் எத்தனை வீடுகளின் கதவுக்குப் பின்னால் என்னென்ன நடந்தன என்பதை ஜமாஅத் பஞ்சாயத்துகளில் அமர்ந்தவர்கள் அறிவார்கள். நமக்கே பங்கு குறைந்திருக்கிறதே என்று எண்ணாமல், தம்மினும் இக்கட்டில் இருப்பவருக்கு எடுத்துக் கொடுத்த அந்தச் செயலை ஸதகா என்ற சொல்லால்தான் என்னால் குறிக்க முடிகிறது.

பந்தாடிக் கிடைத்த பணத்தை அறச்செயலுக்குக் கொடுப்பது இங்கிலாந்துப் பெண்களுக்குப் புதிதன்று. முதல் உலகப் போரின்போது பிரெஸ்டன் நகரில் ‘டிக், கெர்’ என்னும் தொழிற்சாலையில் வெடிகுண்டு உறைகள் செய்த பெண்கள் ஓர் அணி அமைத்தார்கள். 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு 10,000 பேர் வந்தனர்; வசூலான பணம் காயமுற்ற போர்வீரர்களின் மருத்துவமனைக்குச் சென்றது. 1918இல் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சலையும் தாண்டி அந்த அணி வளர்ந்தது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் 53,000 பேர் அவர்களின் ஆட்டத்தைக் கண்டனர். இடமின்றி வெளியே நின்றவர்கள் பல்லாயிரம்.

மறு ஆண்டே, 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்குத் தடை விதித்தது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருத்தமற்றது என்பது ஒரு காரணம். வசூலில் போதிய பங்கு அறச்செயலுக்குப் போகவில்லை என்பது இன்னொரு காரணம்! ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தத் தடை நீடித்தது. அதற்காக 2008இல் சங்கம் வருத்தம் தெரிவித்தது. ஐம்பது ஆண்டுகள் மைதானத்தின் வாசலை அடைத்துவிட்டு, பிறகு வந்து உங்களிடம் ஏன் பணமில்லை என்று கேட்டால், அந்தக் கேள்வியே ஓர் அநீதி.

காலி இருக்கைகளுக்கு முன்

2020 செப்டம்பரில் அடுத்த பருவம் தொடங்கியது. இம்முறை பரிசோதனைக்கும் பாதுகாப்புக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அமெரிக்காவின் பெண்கள் லீகில் அந்த ஆண்டு வழக்கமான பருவம் நடைபெறவில்லை. மாற்றாகச் சிறு போட்டிகளே நடந்தன. அதனால் அலெக்ஸ் மோர்கன், ரோஸ் லவேல் போன்ற உலகக் கோப்பை வென்ற ஆட்டக்காரர்கள் இங்கிலாந்துக்கு வந்தனர். மைதானத்தில் பறவைகளின் ஒலியும் பயிற்சியாளரின் குரலும் மட்டுமே கேட்டன.

நவம்பர் மாதம் இங்கிலாந்தில் இரண்டாவது ஊரடங்கு. ‘உயர்நிலை விளையாட்டு’ என வகைப்படுத்தப்பட்டவை மட்டும் தொடரலாம் என்றது அரசு. கிளப்புகள் நடத்திய சிறுவர் பயிற்சிக் கூடங்கள் அந்த வகையில் வந்தன, தொடர்ந்து இயங்கின. சிறுமியர் பயிற்சிக் கூடங்கள் அந்த வகையில் வரவில்லை, மூடப்பட்டன. ஆண்களின் சங்கக் கோப்பைப் போட்டி தொடர்ந்தது. பெண்களின் சங்கக் கோப்பைப் போட்டி நின்றது. யாரும் பெண்களுக்கு எதிராக உட்கார்ந்து சதி செய்ததாகத் தெரியவில்லை. பட்டியல் போட்டவர்களின் நினைவுக்கு அந்தச் சிறுமிகள் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் ஒரே ஒரு கைபேசி இருந்து, மகனுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் இணையவழிப் பாடம் இருந்த நாட்களில் அது யார் கைக்குப் போயிற்று என்பதை, அந்த ஆண்டில் பாடம் நடத்திய எந்த ஆசிரியரும் சொல்வார்.

எல்லாக் குறையும் மேலிருந்தே வந்தது என்றும் சொல்வதற்கில்லை. அந்தக் குளிர்கால விடுமுறையில் சில அணிகளின் ஆட்டக்காரர்கள் துபாய்க்குச் சென்று திரும்ப, நோய்த்தொற்று கண்டறியப்பட்டு 2021 ஜனவரியில் ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. மக்கள் வீட்டுக்குள் அடைந்துகிடந்த நேரத்தில் நடந்த இந்தப் பயணம் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கண்டனம் நியாயமானதே.

அந்தப் பருவம் பாதியில் கைவிடப்படாமல் முடிந்தது. பிப்ரவரியில் பிரைட்டன் அணியிடம் செல்சி தோற்றபோது, லீகில் தொடர்ந்து 33 ஆட்டங்கள் தோல்வியறியாமல் வந்த அதன் வரலாறு முடிந்தது. ஆனால் மே 9 அன்று ரீடிங் அணியை 5-0 என வென்று, சிட்டியைவிட இரண்டு புள்ளிகள் கூடுதலாகப் பெற்று, செல்சி மீண்டும் வாகை சூடியது. இம்முறை வகுத்தல் கணக்கு தேவைப்படவில்லை. அந்த வெற்றியில் பெரும்பங்கு வகித்த ஃபிரான் கர்பி, இதயத்தைச் சூழ்ந்த உறையில் ஏற்பட்ட அழற்சியால் 2019 நவம்பர் முதல் பல மாதங்கள் படுத்திருந்து, மீண்டும் ஆட முடியுமா என்ற ஐயத்திலிருந்து எழுந்து வந்தவர்.

நின்றுபோன சங்கக் கோப்பை மட்டும் பாக்கியிருந்தது. 2020இல் முதல் சுற்றுகள் தொடங்கிய அந்தப் போட்டி நோயினால் தள்ளித் தள்ளிப் போய், அடுத்த பருவத்துக்குள் நுழைந்தது. இறுதி ஆட்டத்துக்கு 2021 டிசம்பர் 5ஆம் நாளைச் சங்கம் குறித்தது. தடை பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் நிறைந்த நாள். இலண்டன் வெம்பிளி மைதானத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். ஆர்சனல் அணியை எதிர்த்து ஆடிய செல்சிக்கு மூன்றாம் நிமிடத்தில் கர்பி முதல் கோலை அடித்தார். பிற்பாதியில் ஆஸ்திரேலியாவின் சாம் கெர் இரண்டு கோல்கள் அடித்தார். ஆட்டம் 3-0 என முடிந்தது.