இங்கிலாந்து பார்க்காத ஹெரால்டு

தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. தார்ப்பாயை விலக்கியதும் அந்த வண்டி தெரிந்தது. சின்னங்கள் கழன்று போயிருந்தன; இருந்த இடத்தில் துளைகள் மட்டும். முகத்தைப் பார்த்தால் ட்ரையம்ப் ஹெரால்டு. ஆனால் நான்கு கதவுகள். வண்டிக்காரர் கையிலிருந்த ஆர்.சி. புத்தகத்தில் 'ஸ்டாண்டர்டு' என்பதற்கு மேல் விவரம் இல்லை. "ஹெரால்டுக்கு இரண்டு கதவுதானே சார்? எவனாவது நடுவில் வெட்டி ஒட்டியிருப்பானோ?" என்று கேட்டார்.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1959-ல் வெளிவந்து 1971 வரை தயாரான ஹெரால்டில் செடான், கூப்பே, திறந்த கூரை, எஸ்டேட் என்று வகைகள் உண்டு. பயணிகளுக்கு நான்கு கதவு வைத்த வண்டி ஒன்றுகூட இல்லை. பிரிட்டிஷ் புத்தகங்களை மட்டும் புரட்டுகிறவர் இதைப் போலி என்றுதான் சொல்வார். எனக்கோ உடல் சிலிர்த்தது. நான்கு கதவு ஹெரால்டு பிறந்த ஒரே ஊர் மெட்ராஸ்.

1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இந்த வண்டியைச் செய்தது. வண்டலூர் பக்கம் போனவர்களுக்கு அந்த நிறுவனத்தின் பெயர் நினைவிருக்கும். முதலில் கப்பலில் வந்த பாகங்கள் அதிகம். வருடம் போகப்போக உள்ளூர்ப் பாகங்கள் கூடின. 1960-களின் கடைசியில் நம் குடும்பங்களுக்கு ஏற்றபடி நான்கு கதவு செடானும், ஐந்து கதவு எஸ்டேட்டும் வந்தன. இரண்டுமே இந்தியாவுக்கு மட்டும்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதே ஒரு கதை. அப்போது மற்ற கார்கள் உடலும் அடிச்சட்டமும் ஒன்றான கூடாக மாறிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட பெரிய கூட்டை அச்சடித்துத் தர ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. உடல் செய்துகொடுத்து வந்த ஃபிஷர் அண்டு லட்லோவைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953-ல் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் ஹெரால்டுக்குத் தனியாகச் சேஸ் வைத்து, உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். வடிவம் தந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி. போல்ட்டைக் கழற்றினால் கூரை தனியாக வந்துவிடும். பானட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து, முதலை வாயைத் திறப்பதுபோல முன்னால் கவிழும். பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத ஊரிலும் இப்படி ஒரு வண்டியைக் கட்டலாம், தேவைக்கு மாற்றலாம். இங்கிலாந்தில் நெருக்கடியாக இருந்தது மெட்ராசுக்கு வசதியாகிவிட்டது.

ஒரு வண்டியின் பிறப்பை இப்படித் துருவித் தேடும் வேலை மகாராஜாக்களின் கார்களுக்கு வேண்டியதில்லை. ராஜ்கோட் அரசர் 1934-ல் வாங்கிய ரோல்ஸ்ராய்ஸ் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'வுக்கு உடல் கட்டியவர்கள் த்ரப் அண்டு மேபர்லி என்பது வரை பதிவில் உண்டு. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 முதல் தில்லியில் நடத்திவரும் பழைய கார் பேரணியிலும் அரச வண்டிகளைச் சுற்றித்தான் கூட்டம். நடுத்தரக் குடும்பம் கடன்பட்டு வாங்கிய ஹெரால்டுக்கு யார் குறிப்பேடு வைத்தார்கள்? கோவென்ட்ரியின் பேரேடு மெட்ராசில் பிறந்ததைச் சொல்லாது. வண்டியையே கேட்க வேண்டியதுதான்.

அது பதில் சொல்லும். இன்ஜின் பிளாக்கில் இரண்டு வகை எழுத்து இருக்கும். புடைத்து நிற்பவை வார்ப்படச் சாலையில் மணல் அச்சிலேயே விழுந்தவை. பள்ளமாக இருப்பவை பிறகு தொழிற்சாலையில் பஞ்ச் அடித்தவை. முதலாவது இரும்பு பிறந்த கதை, இரண்டாவது இன்ஜின் பிறந்த கதை. டைனமோவில் 'லூகாஸ்' என்று மட்டும் இருந்தால் அது கப்பலில் வந்திருக்கலாம், 'லூகாஸ்-டி.வி.எஸ்.' என்றிருந்தால் 1961-க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த நிறுவனமே அந்த ஆண்டுதான் தொடங்கியது. பிரிட்டிஷ் ட்ரிப்ளெக்ஸ் கண்ணாடியின் முத்திரை எழுத்துகளை ஒட்டிச் சிறு புள்ளிகள் உண்டு. அவை ஆண்டின் கடைசி இலக்கத்தைக் காட்டும். 1961-ஆ 1971-ஆ என்பதைக் கண்ணாடி தனியாகச் சொல்லாது; பக்கத்துச் சாட்சிகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எண்ணை யாராவது தேய்த்து அழித்திருந்தால்? இங்கேதான் எனக்கு இந்தத் துறையின் மிகப்பெரிய வியப்பு இருக்கிறது. எஃகு என்பது கண்ணுக்குத் தெரியாத படிகத் துகள்களின் அடுக்கு. பஞ்ச் இறங்கும்போது மேலே பள்ளம் விழுவதோடு நிற்பதில்லை. அதற்குக் கீழேயும் துகள்கள் நசுங்கி, நெளிந்து, அடுக்குக் குலைந்து போகின்றன. பள்ளம் மறையும்வரை அரம் போட்டாலும் அடியில் நசுங்கிய பகுதி மிச்சமிருக்கும். நசுங்கிய உலோகத்தில் ஆற்றல் தேங்கியிருப்பதால் அமிலம் அதைச் சுற்றுப்புறத்தைவிட வேறு வேகத்தில் அரிக்கும். தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ஃப்ரை கரைசலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால், வழவழப்பான எஃகின் மேல் போன இலக்கங்கள் நிழல்போல எழும்பும். சில சமயம் எழுந்த வேகத்தில் மங்கியும்விடும். கேமராவைத் தயாராக வைத்திருக்க வேண்டும். திருட்டு வண்டி வழக்குகளில் தடய அறிவியல் ஆய்வகங்கள் நம்பும் முறை இது.

காஷ்மீரி கேட்டில் எங்களுக்கு அமிலம் தேவைப்படவில்லை. பின் கதவின் ரப்பரை உரித்து, உப்புத்தாளால் பட்டியைத் தேய்த்தார் மிஸ்திரி. அடியில் சம இடைவெளியில் சட்டைப் பொத்தான் அளவு வட்டக் குழிகள் வரிசையாகத் தெரிந்தன. ஸ்பாட் வெல்டிங்: இரண்டு தகரங்களைத் தாமிர முனைகளுக்கு நடுவே அழுத்தி மின்சாரம் பாய்ச்ச, தொடும் புள்ளி மட்டும் உருகி ஒட்டிய தடம். பட்டறையில் வெட்டி ஒட்டியிருந்தால் கேஸ் வெல்டிங் மேடுபள்ளமாகப் புழுப்போல ஓடியிருக்கும், சூட்டில் தகரம் நெளிந்திருக்கும். இந்தக் கதவுத் தூண் தொழிற்சாலையில் பிறந்தது. "கம்பெனி வேலைதான்" என்றார் மிஸ்திரி, விரலால் குழிகளை ஒவ்வொன்றாகத் தடவியபடி.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. 1972-ல் ஹெரால்டு போய் அதே உடல்வாகில் நான்கு கதவு 'கெசல்' வந்தது. 1977 வரை சொற்பமாக ஓடியது. சின்னம் இல்லாத நிலையில் இது எது? வெறும் ஆசைக்காகக் கேட்கும் கேள்வியும் அல்ல. 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதியோ, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்து மூல வடிவம் கெடாத வண்டியை 'வின்டேஜ்' என்று ஏற்று, 'வி.ஏ.' எழுத்து கொண்ட தனிப் பலகை தருகிறது. கட்டணம் 20,000 ரூபாய். 1977-ல் பதிவான கெசலுக்கு 2027 வரை அந்தக் கதவு திறக்காது. இடையில் எத்தனை வண்டிகள் மாயாபுரி பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்விடும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

விடை வண்டிக்கு அடியில் இருந்தது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடும். டிஃபரன்ஷியல் சேஸோடு முடுக்கப்பட்டிருக்கும். நம் மெக்கானிக்குகளுக்கும் வாங்கியவர்களுக்கும் இந்த அமைப்பு பிடிக்கவில்லை, அதனால் கெசலுக்கு ஒரே தண்டாக ஓடும் திட அச்சு வைத்தார்கள். பின்பக்கத்தை அழுத்தினால் போதும். திட அச்சானால் டிஃபரன்ஷியல் சக்கரங்களோடு அப்படியே நிற்க, உடல் மட்டும் இறங்கும்.

சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். டிக்கி மேல் மிஸ்திரியும் வண்டிக்காரரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஐம்பது வருடத் துரு பொடியாக முகத்தில் கொட்டியது. சேஸ் இறங்கியது, டிஃபரன்ஷியலும் கூடவே இறங்கியது. இரண்டு பக்கமும் சக்கரங்கள் மெதுவாகக் கால் அகட்டின.

"இன்னொரு தடவை உட்காருங்கள்" என்றேன்.