இணைப்புத் தண்டைக் கழற்றும் முறை

கார் என்ஜினில் பிஸ்டனையும் கிராங்கையும் சேர்ப்பது இணைப்புத் தண்டு. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டான் சாகாவில் இத்தகைய தண்டுகள் நான்கு உண்டு. குனோங் ராபாட் பட்டறை ஒன்றில் நான் கற்ற முதல் பாடம்: நட்டைத் தளர்த்துமுன் ஒவ்வொரு தண்டுக்கும் அதன் மூடிக்கும் ஒரே எண்ணை இட வேண்டும்.

காரணம் இதுதான். மூடியைத் தண்டோடு பூட்டிய நிலையில்தான் கீழ்த்துளையைத் தொழிற்சாலையில் கடைகிறார்கள். மூடி மாறினாலோ, பக்கம் திரும்பினாலோ துளை சரியான வட்டமாக இராது. பேரிங் இறுகும், தண்டு முறிந்து பிளாக்கையே உடைக்கலாம்.

ஹெட்டையும் எண்ணெய்த் தொட்டியையும் கழற்றியபின், சிலிண்டரின் மேல்விளிம்பில் படிந்த கரியைச் சுரண்டுங்கள். இல்லையேல் பிஸ்டன் வளையம் சிக்கும். பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, இரு நட்டுகளையும் மாறி மாறித் தளர்த்துங்கள். மூடியை எடுத்ததும் போல்ட்டுகளில் ரப்பர் குழாயைச் செருகுங்கள். மரை உரசினால் கிராங்கில் கீறல் விழும். சுத்தியலின் மரப்பிடியால் தண்டை மேலே தள்ளி, மறுகையால் பிஸ்டனைப் பிடியுங்கள். வெளிவந்த தண்டில் அதன் மூடியை உடனே பூட்டி வையுங்கள்.

கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு இம்முறை பொருந்தாது. அதன் தண்டு ஒரே துண்டு. கிராங்கைப் பிரஸ்ஸில் அழுத்திப் பிரித்தால்தான் கழலும்.

காரில் ஜோடி கலைந்துவிட்டால் குத்துமதிப்பாகப் பூட்டாதீர்கள். துளையை அளந்து சீராக்கும் கடைசல் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.