உப்புக் காற்றுக்கு மீட்டர் கணக்கு தெரியாது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குரூசர் பைக்குகள் அணிவகுத்துப் போகின்றன. தாழ்ந்த இருக்கை, முன்னால் தள்ளிய கால்மிதி, பளபளக்கும் குரோம் பூச்சு. இவற்றில் பல வெகுதொலைவிலிருந்து வந்தவையும் அல்ல. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் இன்று ராயல் என்ஃபீல்டு என்ற பெயரில் 2013 முதல் ஒரகடத்திலும் ஆலை நடத்துகிறது. அதன் குரூசரான மீட்டியோர் 350 விற்பனைக்கு வந்தது 2020 நவம்பரில். வாங்கும்போது கையில் தரும் புத்தகம், எத்தனை கிலோமீட்டர் ஓடியதும் அல்லது எத்தனை மாதம் ஆனதும் சர்வீஸுக்கு விடவேண்டும் என்று சொல்கிறது. எஞ்சினுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கரையில் வண்டியை முதலில் தின்பது ஓட்டமில்லை, உப்பு. இரண்டு சர்வீஸ்களுக்கு இடையே அந்த உப்பைக் கழுவி எடுக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. அந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம், செய்தே ஆகவேண்டும்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கரைக்குள் கொண்டுவருகிறது. நீர் உலர்ந்தாலும் உப்பு உலோகத்தின் மேல் தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாக மாறும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். ஆகவே, கடலோரத்தில் நிற்கும் வண்டி கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும், அதன் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் பெரும்பாலான நேரம் இருந்துகொண்டே இருக்கிறது. கரையை விட்டு விலக விலக இந்தப் படிவு வேகமாகக் குறையும். செங்கல்பட்டு நகரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் இந்த இரண்டு ஊர்களில் நிற்கும் ஒரே மாதிரி வண்டிகள் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. கருங்கல்லே இந்தக் காற்றுக்குத் தப்பவில்லை. எட்டாம் நூற்றாண்டில் எழுந்த மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கற்களில் காகிதக் கூழைப் பூசி, ஊறிய உப்பை இந்தியத் தொல்லியல் துறை உறிஞ்சி எடுக்கிறது. படிந்த உப்பை அவ்வப்போது அகற்றுவதே காப்பு என்ற அந்த விதி இரும்புக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

குரூசருக்கு இதில் ஆபத்து அதிகம். அதன் அழகே குரோமில் இருக்கிறது. குரோம் பூச்சு மிக மெல்லியது, அதில் நுண்ணிய துளைகளும் விரிசல்களும் உண்டு. அவற்றின் வழியே இறங்கும் உப்புநீர் அடியிலுள்ள எஃகை அரிக்கிறது. மேலே ஒரு புள்ளி தெரியும்போது உள்ளே பரவியிருக்கும். எனவே கடலோரம் ஓட்டித் திரும்பினால், சைலன்ஸர் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழாகக் கழுவவேண்டும். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கரையோர ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால், எடுத்த உப்பைத் திரும்பப் பூசியதாகிவிடும். பீய்ச்சியடிக்கும் பிரஷர் பம்பும் வேண்டாம், சக்கர பேரிங்குக்குள்ளும் வயர் இணைப்புகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிடும். துடைத்துக் காயவைத்த பிறகே உறை போடவேண்டும். ஈரத்தோடு மூடிய தார்ப்பாய் துருவை வளர்க்கும்.

அடுத்தது செயின். பொதுவாக 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு சுத்தம் செய்து, துடைத்து, செயின் லூப் அடிப்பது வழக்கம். கடலோரத்தில் வண்டி ஓடாமல் நின்றாலும் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. பெட்ரோலைத் தொடவேண்டாம், இணைப்புகளிலுள்ள ரப்பர் ஓ-ரிங் கெட்டுப்போகும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றியே துடைக்கவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுத் துடைக்கும் பழக்கம் விரல்களைப் பறித்துவிடும். பாட்டரி முனைகளைச் சுத்தம் செய்து வாசலின் தடவலாம். கிளட்ச் கேபிளின் முனையில் இழை பிரிந்திருக்கிறதா, பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் கலந்தபின் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். நிறம் கறுத்திருந்தால் தெரிந்துகொள்வது நம் வேலை. அதை மாற்றுவது, அதுவும் ஏபிஎஸ் உள்ள வண்டியில், மெக்கானிக்கின் வேலை.

இதற்கு எழும் முதல் மறுப்பு, இன்றைய வண்டி முழுக்க எலக்ட்ரானிக்ஸ் ஆயிற்றே என்பது. உண்மைதான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பழைய புல்லட்டில் பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்ததுபோல் இதில் வீட்டில் கைவைக்க முடியாது. ஆனால் செயினும் கேபிளும் குரோமும் பாட்டரி முனையும் அன்று இருந்தபடியேதான் இருக்கின்றன. உப்பு முதலில் தாக்குவதும் அவற்றையே. வாரண்டி போய்விடுமே என்பது இரண்டாவது மறுப்பு. வயரை வெட்டினாலோ எஞ்சினைத் திறந்தாலோ அந்த அச்சம் நியாயம். கழுவுவதும் செயினுக்கு எண்ணெயிடுவதும் காற்று பார்ப்பதும் உரிமையாளரிடமே விடப்பட்ட வேலைகள். சாதாரணத் துருவை வாரண்டியும் பொதுவாக ஏற்பதில்லை. மெக்கானிக்கின் பிழைப்பில் கைவைக்கிறோமோ என்ற கேள்விக்கும் பதில் உண்டு. துருப்பிடித்து இறுகிய போல்ட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, பராமரித்த வண்டியில் உண்மையான பழுதைக் கண்டுபிடிப்பதையே தேர்ந்த மெக்கானிக் விரும்புவார். ஃபோர்க், கிளட்ச் பிளேட், ஹெட் என்று அவர் கைக்கு உரிய வேலைகள் அப்படியே இருக்கின்றன. எஞ்சின் ஆயிலை வீட்டில் மாற்றுவோர், பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து அவரிடமே சேர்க்கவேண்டும். செங்கல்பட்டின் கொளவாய் ஏரி போன்ற நீர்நிலைகளுக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்சக் கடமை அது.

எல்லைக்கோடு தெளிவானது. உப்பையும் தூசியையும் அகற்றுவது, எண்ணெயிடுவது, கூர்ந்து பார்ப்பது வீட்டுக்குரியவை. திறப்பதும் பிரிப்பதும் பட்டறைக்குரியவை. மீட்டியோர் 350 வண்டியின் எடை 191 கிலோ, அது சாய்ந்தால் ஒருவரால் தாங்க முடியாது. ஸ்டாண்டில் உறுதியாக நிற்காத வண்டியில் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. இந்தக் கரையில் வண்டி விற்பவர்களும் ஒன்று செய்யலாம். சர்வீஸ் தேதியைக் குறித்துக் கொடுக்கும்போதே, கடலோரத்தில் வாரம்தோறும் செய்யவேண்டியவற்றை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கட்டும். லட்சங்கள் கொடுத்து வாங்கிய வண்டிக்கு வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்குபவர், துருவேறிய பாகங்களை மாற்றும் பெருஞ்செலவைத் தவிர்க்கிறார். பிரேக்கும் செயினும் நடுச்சாலையில் கைவிடாது என்ற நம்பிக்கையோடும் ஓட்டுகிறார்.