கோர்வை தெரிந்த கைகள்

திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலில், 1387-இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் எழுப்பிய சங்கீத மண்டபத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தால் வர்த்தமான மகாவீரரின் வாழ்க்கை வண்ணமாக விரியும். அவர் பிறப்பைப் பற்றிச் சமணர் சொல்லும் கதையில், இந்திரனே வாசலில்தான் நிற்கிறான். பிரசவ அறைக்குள் போய்க் குழந்தையை ஏந்தி வருபவள் இந்திராணி.

இன்றும் அப்படித்தான்: வேகவதி ஆற்றைத் தாண்டிக் காஞ்சிபுரத்துக்குப் பிரசவத்துக்குப் போகும் இவ்வூர்ப் பெண்ணோடு விடிய விடிய இருப்பவர், 'சிஸ்டர்' என்று நாம் கூப்பிடும் செவிலியர்தான். அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார். 110-க்குக் கீழே இறங்கினாலோ 160-ஐத் தாண்டினாலோ டாக்டருக்குத் தகவல் போகும். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று பார்த்து, பிரசவம் நகரும் வேகத்தைக் காட்டும் பார்ட்டோகிராஃப் தாளில் கோடாகக் குறிப்பார். காத்திருக்கலாமா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி. நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா, கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்கியதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தாயின் உயிரைப் பறிக்கும் ரத்தப்போக்கு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும்.

இந்தக் கைப்பழக்கம் மறந்துபோகுமோ என்பதுதான் என் பயம். தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் சிசேரியன் 2005-06-இல் 20.3 சதவீதம், 2019-21-இல் 44.9. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. ஆபத்தில் உயிர் காப்பது சிசேரியன்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதிப் பிரசவம் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டால், புதிதாக வேலைக்கு வரும் செவிலியர் இதை எங்கே பழகுவார்? பட்டுச்சேலையில் கரையையும் உடலையும் பிணைக்கும் கோர்வையைப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்கிறார்கள். இதுவும் அப்படித்தான். செவிலியரை மருத்துவச்சியாக்கும் 18 மாதப் பயிற்சிக்கு 2018-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல திட்டம். அதற்கும் சுகப்பிரசவங்கள் வேண்டுமே!

நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து ஆபரேஷன் கேட்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், நேரம் குறித்துக் கொடுக்காதீர்கள். வலி தானாக வரட்டும். அந்த இரவை சிஸ்டரிடம் விடுங்கள்.