பெருநாளுக்குப் பெயின்ட் அடிக்குமுன்...

பெருநாள் நெருங்கினால் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பழைய வீடுகளின் கதவு, ஜன்னல்களைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்கிறோம். அந்தத் தூசில் ஈயம் இருக்கலாம். இலங்கையில் பெயின்டிலுள்ள ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். தவழும் பிள்ளையின் விரல்வழி வயிற்றுக்குள் போகும் ஈயம், வளரும் மூளையைப் பாதிக்கும்.

ஆகவே வேலையறிந்தவர் வேண்டும். அமெரிக்காவில் 1978க்கு முந்திய வீடுகளைத் திருத்தும் கொந்தராத்துக்காரருக்கு 2010 முதல் பயிற்சியும் சான்றிதழும் கட்டாயம். அங்கே கற்பிப்பதை நாமும் கேட்கலாம்: "தம்பி, நனைத்துத் தேயுங்கள், தரையில் பொலித்தீன் விரியுங்கள், பூச்சை நெருப்பால் சுடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்." கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதுவரை விலகியிருக்கட்டும்.

கூலி பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். வேலையாளின் சட்டையில் ஒட்டிய தூசு அவர் பிள்ளையிடமும் போகிறதல்லவா?