மின்துடிப்பு காட்டும் வழி

வலிப்பு நோயின் வேரைத் தேடும் டாக்டர்கள், மூளைக்குள் மிகச் சிறிய மின்துடிப்பை அனுப்பிப் பார்க்கிறார்கள். எந்தப் பகுதியுடன் எந்தப் பகுதி பேசுகிறது என்ற ரகசியமும் அதில் வெளிப்படுகிறது.

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை, பாறசாலை பக்கத்தில் உள்ள குளத்தூர் போன்ற எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே புழங்குகின்றன. நம்பிக்கைகளும் அப்படித்தான். வலிப்பு வந்து விழுபவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் எல்லைக்கு இருபுறமும் உண்டு. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். பெயர் மட்டும் சாவிக்கு.

இந்தக் கிராமங்களிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1995 மார்ச்சில் இங்கு வலிப்பு நோய்க்கான முதல் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் கே. ராதாகிருஷ்ணனின் முயற்சியில், 1998-ல் இந்நோய்க்கென்றே ஆர். மாதவன் நாயர் மையம் உருவானது. அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் முடிந்துவிட்டன.

இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோருக்கு வலிப்பு நோய் இருப்பதாக மதிப்பீடு. மூவரில் இருவருக்கு மாத்திரையே போதும். மிச்சமுள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆபரேஷன் கைகொடுக்கும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 116 குழந்தைகளிடம் நடத்தி, 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 77 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின் வலிப்பில்லாமல் இருந்தனர். மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 7 சதவீதம்.

ஆனால், எங்கே வெட்டுவது? ஈ.ஈ.ஜி.யும் ஸ்கேனும் ஒரே இடத்தைக் காட்டினால் சிக்கல் இல்லை. முரண்பட்டால், மூளைக்குள்ளேயே மெல்லிய எலக்ட்ரோடுகளைப் பதித்து, நோயாளியைச் சில நாட்கள் படுக்கையில் வைத்துக் கவனிக்க வேண்டியிருக்கும். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலிப்பு எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் பரவுகிறது என்பதை எலக்ட்ரோடுகள் பதிவு செய்யும். அந்த நாட்களில்தான் மின் தூண்டலும் நடக்கிறது.

மான்ட்ரியலிலிருந்து வேலூருக்கு

இந்த முறைக்கு வயது அதிகம். கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மின்சாரத்தால் தொட்டு, கை எங்கே, நாக்கு எங்கே என்று வரைபடம் போட்டார். 1937-ல் அது வெளியானது. அவரிடம் பயிற்சி பெற்றவர் கோட்டயத்தில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி. 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியவர். 1952-ல் அங்கே வலிப்புக்கான ஆபரேஷனையும் செய்தார்.

பென்ஃபீல்டு வழிவந்த முறையில், இப்போது பெரும்பாலும் வினாடிக்கு 50 துடிப்புகள் வீதம் சில வினாடிகள் மின்சாரம் செலுத்தப்படுகிறது. எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பவரின் பேச்சு திடீரென்று நின்றால், அந்த இடத்தில் கத்தி படக்கூடாது என்று அர்த்தம். இது ஓர் இடத்தின் வேலையைச் சொல்லும். அது எதனுடன் இணைந்திருக்கிறது என்று சொல்லாது.

அதைச் சொல்வது ஒற்றைத் துடிப்பு முறை. சில மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம், வினாடிக்கு ஒரு துடிப்பு அல்லது அதற்கும் குறைவு. நோயாளிக்கு அநேகமாக எதுவும் தெரியாது. ஓர் இடத்தைத் தட்டினால், தொலைவில் உள்ள வேறோர் இடத்தில் 10 முதல் 50 மில்லி வினாடிக்குள் பதில் அலை எழுகிறது. பல முறை தட்டி, பதில்களின் சராசரி எடுக்கப்படுகிறது. பதில் வந்தால் தொடர்பு உண்டு. ஸ்கேன் காட்டுவது சாலையை மட்டும்தான். வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைச் சொல்வது துடிப்பு.

2004-ல் ரிக்கி மட்சுமோட்டோ குழுவினர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் மொழிக்கான பகுதிகளை இப்படிச் சோதித்தனர். பேச்சை உருவாக்கும் முன்பகுதியும், புரிந்துகொள்ளும் பின்பகுதியும் ஒன்றுக்கொன்று பதில் தந்தன. பாதை இருவழி. அதற்கு இரண்டாண்டு முன்பே லண்டன் கிங்ஸ் கல்லூரி டாக்டர்கள் இன்னொன்றைக் கவனித்திருந்தனர். வலிப்பு பிறக்கும் பகுதிகளில், வழக்கமான பதிலுக்குப் பிறகு தாமதமாக இன்னொரு பதில் எழுந்தது. வலிப்புக்காகக் காத்திருக்காமலே அதன் இடத்தை ஊகிக்க ஒரு தடயம்!

தானம் செய்பவர்கள்

வலிப்பு என்பது ஒரே புள்ளியின் கோளாறு அல்ல, இணைப்புகளின் கோளாறு என்ற கருத்து இதனால் வலுப்பெற்றிருக்கிறது. ஆராய்ச்சிக்காக மட்டும் ஆரோக்கியமான ஒருவரின் மண்டையைத் திறக்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆகவே இந்த அறிவு முழுக்க நோயாளிகள் தந்தது.

அதனால் வரம்புகளும் உண்டு. சிகிச்சைக்குத் தேவையான இடத்தில் மட்டுமே எலக்ட்ரோடு வைக்கலாம். எனவே ஒருவரின் வரைபடம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பிரான்சின் கிரெனோபிள் நகரை மையமாகக் கொண்ட ஒரு திட்டம், பல மருத்துவமனைகளில் நூற்றுக்கணக்கானோரிடம் கிடைத்த பதிவுகளை ஒட்டுப்போட்டு முழுப் படம் தயாரித்து வருகிறது. நோயுற்ற மூளையின் இணைப்புகள் மற்றவர்களுடையது போலவே இருக்குமா என்ற கேள்வியும் தொடர்கிறது. தூண்டலே வலிப்பைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், நோயாளியின் முழுச் சம்மதம் கட்டாயம்.

இந்தியாவில் இதைவிடப் பெரிய தடை, நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேருவதுதான். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறிய வாசகம் 1999-ல் நீக்கப்பட்டது. ஆனாலும் பெண் பார்க்க வரும்போது மாத்திரை ஒளித்துவைக்கப்படுகிறது. கல்யாணத்துக்குப் பின் மாத்திரை நின்றுபோகிறது, வலிப்பு திரும்புகிறது. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லையென்றால், சிறப்பு மையத்தில் பரிசோதிக்க வேண்டும் என்பதே உலக அளவில் டாக்டர்கள் ஏற்ற விதி. ஆனால் பலர் வந்து சேருவதற்குள் பத்து, இருபது வருடங்கள் ஓடிவிடுகின்றன. படிப்பும் வேலையும் அதற்குள் போய்விடும்.